நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு வரி

முதலாவது, மே இருபது: பதினேழு வயதுப் பிள்ளைக்கு மனசுக்கென்று மாத்திரை எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, ஜூன் பதிமூன்று: செல்போன் தேடுகிறோம் என்று வகுப்பு நடுவில் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, மாத்திரை அட்டையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தது. மூன்றாவது, ஜூலை இரண்டு: கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தது. நான்காவது, ஜூலை இருபத்தொன்பது: எறிபந்து அணியில் இருந்த அவள் பெயரை, மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று சொல்லி அடித்தது. ஐந்தாவது, செப்டம்பர் மூன்று: நிவாஷினி என்கிற பெண் அவளை 'மாத்திரை மணி, மாத்திரை மணி' என்று கூப்பிட்டது காதில் விழுந்தும் டீச்சர் திரும்பாமல் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தது. ஆறாவது, செப்டம்பர் நான்கு: ஒரு வார்த்தை விசாரிக்காமல், டி.சி.யை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியது. ஆறு. தேதி முந்தியது முன்னால், பிந்தியது பின்னால். வரிசை பிசகினால் வழக்கு பிசகும். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் முப்பத்தோரு வருஷம் நின்று, பதினெட்டு உள்விசாரணைகளில் நிர்வாகத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது எதுவும் இல்லை. ஐந்தாவதில், அவள் திருப்பி அடித்த தண்ணீர் பாட்டில் இல்லை. ஸ்டீல் பாட்டில், முக்கால்வாசி தண்ணீர், நிவாஷினியின் புருவத்துக்கு மேல் நாலு தையல். அதை நம் பட்டியலில் நாம் ஏன் எழுத வேண்டும், அவர்கள் பட்டியலில் அது முதலாவதாக இருக்கும். ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், மணி ஒன்பது நாற்பது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே இந்த பெஞ்சில் நானும் என் தம்பி மகள் வெண்மணியும் உட்கார்ந்திருக்கிறோம். கதவு மூடியிருக்கிறது. உள்ளே பேச்சு கேட்கிறது, சொல் கேட்கவில்லை. காக்க வைப்பது நிர்வாகத்தின் பழைய வித்தை, உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தன் வாதம் மறந்துபோகும் என்று. எனக்கு மறக்காது. முதலாவது, மே இருபது.

வெண்மணி கடலைமிட்டாய் தின்கிறாள். டி.சி. கொடுக்கக் கூப்பிட்டிருக்கிற இடத்தில் வாசலில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்ன இவளால் முடியும், இவள் அப்பனும் அப்படித்தான், போலீஸ் வேனில் ஏறும்போதுகூட ஒரு வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டவன். பாதியை உடைத்து என் கையில் வைக்கிறாள், வைக்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பல் இல்லாத பக்கம் எது என்று தெரிந்து சின்னத் துண்டாக உடைத்திருக்கிறாள். இந்தக் கையா பாட்டிலை எடுத்தது. விரல்கள் எவ்வளவு நீளம், சுருளில் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதற்கென்றே செய்தது போல, இருபது வருஷம் முன்னால் என்றால் எங்கள் மேஸ்திரி இவளைக் கேட் வாசலிலேயே கூட்டிக்கொண்டு போயிருப்பான். இப்போது மில்லும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. அந்த இடத்தில் பதினாறு மாடி எழும்பி நிற்கிறது. நாங்கள் ரத்தம் சிந்தி வாங்கிய இருபது நிமிஷ டீ இடைவேளையை எந்த மாடியில் தேடுவது. சங்கத்துக்காரன் எல்லாம் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மளிகைக் கடை வைத்துவிட்டான். என்னை மட்டும் இன்னமும் தோழர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இந்தக் கடலைமிட்டாய்க்காரி. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, தோழரே, தலையை ஆட்டாதீங்க, ஜடை கோணலாப் போனா புரட்சி வராது என்பாள். இவளுக்கு நாலு வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். பதினாலு வயதில் அப்பன் லாரியில் அடிபட்டுப் போனான். அதற்கப்புறம் இவள் தூங்கவில்லை. இரண்டு வருஷம் தூங்காத பிள்ளையை நான் திட்டினேன், மந்திரிக்கவில்லை, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் திட்டினேன். அப்புறம்தான் பெரியாஸ்பத்திரி. அப்புறம்தான் மே இருபது. அதுதானே முதலாவது. ஆனால் மாத்திரை ஆரம்பித்து நாலாவது வாரம் இவள் தூங்கினாளே. சாயந்தரம் ஐந்து மணிக்கு யூனிபார்மோடு பாயில் விழுந்து, வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். அதைப் பட்டியலில் எங்கே எழுதுவது. பட்டியல் என்றால் குற்றம் மட்டும்தான். இரண்டாவது, ஜூன் பதிமூன்று.

தாள் என் மடியில் இருக்கிறது. நேற்றுச் சாயந்தரம் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதியது, என் எழுத்தில் ர எது ற எது என்று எனக்கே தெரியாது. எண்களுக்குச் சிவப்பு மை போட்டிருக்கிறாள். எழுதும்போது சிரித்தாள், குற்றச்சாட்டில்கூட உங்களுக்கு எதுகை மோனை வேணுமா அத்தே என்று. நான்காவதை எழுதி முடித்துவிட்டு ஒரு வரியை வெறுமனே விட்டுவிட்டு, அடுத்த வரியில் ஐந்தாவதை ஆரம்பித்தாள். ஏன் கண்ணு வரி விட்டே என்று கேட்டேன். ஆகஸ்ட் மாசம் முழுக்கக் காலியா இருக்குங்க அத்தே, ஏதாச்சும் ஞாபகம் வந்தா எழுதிக்கலாம் என்றாள். முகத்தைப் பார்த்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தெரிந்து விட்ட வரியா, தெரியாமல் விட்ட வரியா. பதினெட்டு விசாரணையில் எத்தனை மானேஜர் முகத்தைப் படித்திருக்கிறேன், இவள் முகத்தைப் படிக்க முடியவில்லை. அந்த வெற்று வரிமேல் என் கட்டை விரலை வைத்திருக்கிறேன். வெயில் வந்தபின் விரல் வேர்க்கிறது, தாள் ஈரமாகிறது. எடுத்தால் தெரியும், எடுக்காவிட்டால் மை கலையும்.

ஆகஸ்ட் காலி இல்லை. ஆகஸ்டுக்கு முன்னால் ஜூலைக் கடைசி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் எல்லாருக்கும் ஒரு துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தான். துண்டறிக்கை கொடுக்கிறவனைத் தாண்டிப் போக என்னால் ஆகாது. கால் தானாக நிற்கும். நான் எழுத்துப் படித்ததே துண்டறிக்கையில்தான், பதினேழு வயதில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போனபோது தம்பி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான், 'தொழிலாளி' என்கிற சொல்லைத்தான் முதலில் படித்தேன், 'அம்மா' அதற்கப்புறம். அச்சில் வந்தால் உண்மை. அதிலும் துண்டுத்தாளில் வந்தால் ஏழைக்கான உண்மை. இப்படியே நாற்பது வருஷம். அந்தத் தாளில் பெரிய சிவப்பு எழுத்தில் 'மாத்திரையா? நஞ்சா?' என்று போட்டிருந்தது. அயல்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போன பையன்கள் எல்லாரும் மனசு மாத்திரை தின்றவர்களாம். இளம் பிள்ளைகளைக் கொலைகாரராக்கும் சதியாம். மருந்துக் கம்பெனியின் கொள்ளையாம். கொள்ளை, சதி, கம்பெனி: என் சொந்தச் சொற்கள். என் வாயிலிருந்து எடுத்து அச்சடித்தது போல இருந்தது, நான் எப்படி நம்பாமல் இருப்பேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். சின்ன வயசு, கண்ணாடி, கோபம் வராத பெண். இந்த மாத்திரை பிள்ளைகளை அடிக்க வைக்குமா என்று கேட்டேன். வைக்காது என்று சொல்லியிருந்தால் பொய் என்று சண்டை போட்டிருப்பேன், வைக்கும் என்றிருந்தால் ஜெயித்திருப்பேன். அந்தப் பெண் சொன்னது, சில பிள்ளைகளுக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்பு கூடுமுங்க, அதனால்தான் அடிக்கடி வரச் சொல்றேன், பார்த்துக்கிட்டே இருக்கணும், பெரும்பாலான பிள்ளைங்களுக்கு நல்லதுதான் பண்ணுது, நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. சில. பெரும்பாலான. துண்டறிக்கையில் 'சில' என்கிற சொல்லுக்கு இடமே கிடையாது. நான் எழுதின ஒன்றில்கூட 'சில முதலாளிகள்' என்று எழுதியதில்லை. அதனால் அந்தப் பெண்ணை நான் நம்பவில்லை.

மடக்கி வைத்திருந்த அந்தத் தாள் வழவழவென்று இருந்தது. எங்கள் தாள் ரோஸ், பச்சை, மஞ்சள், கையில் சாயம் ஒட்டும். வழவழத் தாளில் ஏழைக்கு நல்லது எதுவும் அச்சாவதில்லை என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். எண்பத்தெட்டு வேலைநிறுத்தத்தில் மில் வாசலில் ஒரு நோட்டீஸ் வந்தது, தொழிலாளர் நலனை நினைத்து எழுதியது போல, சங்கத் தலைவர்கள் பணம் தின்றுவிட்டார்கள் என்று. கூட்டம் ஆடிப்போயிற்று. நான் மேசைமேல் ஏறி, அதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். கடைசி வரியைப் படியுங்கள், அச்சிட்டவன் பேர் எங்கே, அச்சகத்தின் பேர் எங்கே, பேர் போடப் பயப்படுகிறவன் உனக்கு நல்லது சொல்வானா, இது மொட்டை நோட்டீஸ், இது நிர்வாகத்தின் நோட்டீஸ். அப்படிக் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ரீலிங்கில் எந்தப் பெண்ணிடம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அடியைத்தான் பார்ப்பாள், நஞ்சம்மாக்கா சொல்லிக் கொடுத்தது என்பாள். அந்த நஞ்சம்மாள்தான் வழவழத் தாளை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். போன வெள்ளிக்கிழமைதான் அதன் அடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பேர் இல்லை, ஊர் இல்லை, அச்சகம் இல்லை. மொட்டை.

ஆகஸ்ட் பதினைந்து. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு இரண்டு ஆரஞ்சு மிட்டாயோடு வந்தாள், ஒன்று எனக்கு. பையைக் கொட்டிய நாளிலிருந்து மாத்திரை அட்டை என்னிடம்தான் இருக்கும், தினமும் சாப்பிட்டபின் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க சாமி, உனக்குச் சரியாப் போச்சாம் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. இவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், அறுபத்திரண்டு வயதுக் கிழவியைத் தூக்கி. விடுதலை நாள் தோழரே என்றாள். பதினாலு நாள் நோட்டீஸ் இல்லாமல் ஒரு வேலைநிறுத்தம்கூட நான் செய்ததில்லை. நிர்வாகத்துக்குக் கொடுத்த மரியாதையை இவள் உடம்புக்குக் கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் தலைக்குள்ளே டியூப்லைட் விட்டு விட்டு எரியற மாதிரி இருக்குங்க அத்தே என்றாள். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதுகொண்டு பொறுக்கினாள். நான் என்ன நினைத்தேன், நஞ்சு உடம்பை விட்டு இறங்குகிறது என்று நினைத்தேன், தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. செப்டம்பர் மூன்று பாட்டில். செப்டம்பர் நான்கு டி.சி. போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடத்தான் போனேன், இவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டாக்டரம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுச்சா என்று கேட்டது. சாப்பிட்டாள் என்றேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திடீர்னு நிறுத்தினாலும் இப்படி வருமுங்க என்று மட்டும் சொன்னது. என்னைக் குற்றம் சொல்லவில்லை. திரும்ப எழுதிக் கொடுத்து, புள்ளையைக் கூட்டிட்டு வாங்க என்றது. அட்டை என் பையில் இருக்கிறது, மூன்று நாளாக, பிரிக்காமல். கொடுக்க வேண்டுமென்றால் நிறுத்தியது யார் என்று சொல்ல வேண்டும். நின்றதால்தான் அடித்தாளா, மாத்திரை மணி என்றதால் அடித்தாளா, அப்பன் இல்லாததால் அடித்தாளா, யாருக்குத் தெரியும், டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது, தெரியாது என்று சொல்கிற தைரியம் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. எனக்கு ஒன்று தெரியும். இன்று காலை பஸ்ஸில் இவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்குச் சரியாப் போச்சுன்னுதானே டாக்டர் நிறுத்தினாங்க. சரியான பின்னாலதானே அடிச்சேன். அப்ப நான் நெசமாவே கெட்டவதானுங்களா அத்தே?" கண்டக்டர் விசில் அடித்தார். நான் சில்லறை தேடுவது போலப் பையைத் துழாவினேன். கையில் அட்டை பட்டது.

என் பெயரைச் சொல்லி இவள் எத்தனை கேலி செய்திருக்கிறாள். மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், நஞ்சம்மா கையால மருந்து, ஊருல யாருக்குக் கிடைக்கும் என்பாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு தங்காமல் போக, நஞ்சுண்ட சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். சாமியிடம் எனக்கு ஒன்றும் இல்லை. விழுங்காமலும் துப்பாமலும் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டவன், அந்தக் கஷ்டம் மட்டும் மூன்று நாளாகப் புரிகிறது. கேட் மீட்டிங்கில் கருங்காலிகள் பெயரைப் படிக்கிற வேலை எனக்குத்தான். மைக் வேண்டாத குரல். வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போனவர்கள் பெயர், தகப்பன் பெயர், வீதி, ஒவ்வொன்றாக, ஐந்நூறு பேர் சாட்சியாக. ஒருமுறை ரங்கநாயகி பெயரைப் படித்தேன். என் பக்கத்து மெஷின். அவள் பிள்ளைக்கு வலிப்பு, மருந்து வாங்க உள்ளே போனாள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே படித்தேன், அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை, சாகும்வரை. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று அப்போது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு இன்று வேலை வந்திருக்கிறது. வெண்மணி பாவாடையில் விழுந்த கடலைத் தூளைத் தட்டிவிட்டு, என் புடவை மடிப்பைச் சரி செய்கிறாள். உள்ளே சண்டை போடாதீங்க, மெதுவாப் பேசுங்க, பிரஷர் ஏறும் என்கிறாள். இவளா கெட்டவள்.

ஆயா கதவைத் திறந்து கூப்பிடுகிறாள். உள்ளே நீண்ட மேசை. தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், நிவாஷினியின் அப்பா, ஓரத்தில் நோட்டோடு ஒரு கிளார்க். எதிரியைப் பார்க்கும்போது எனக்கு முதுகு நிமிரும், நிமிர்ந்தது. நிவாஷினியின் அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன், லேத் பட்டறைக்காரர், நகத்தில் கிரீஸ். எழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். "தையல் ஆறிடுமுங்க. அதுக்காக வரல. மாத்திரை தின்னுட்டு எப்ப என்ன பண்ணும்னு தெரியாத புள்ளைய, எம் பொண்ணு பக்கத்துல எப்படிங்க உக்கார வெக்கறது?" அவர் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தது. வழவழத் தாள். ஓரத்தில் அதே சிவப்பு. என் முதலாவது. மே இருபதில் ஆரம்பித்து நான் கட்டிக்கொண்டு வந்த வழக்கு முழுவதும் அவர் பையில் இருக்கிறது. மாத்திரைதான் அடித்தது என்று நான் படித்தால், அப்படியானால் மாத்திரைக்காரியை வெளியே அனுப்புங்கள் என்று அவர் சொல்வார், இரண்டும் ஒரே கோஷம், நான் முன்னால் போட அவர் பின்னால் போட. என் வாழ்க்கையில் நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு கோஷம் போட்டதில்லை. தலைமையாசிரியை, எழுதிக் கொண்டு வந்திருக்கீங்களாமே, படிங்கம்மா என்றார். நான் பேனா கேட்டேன். வெண்மணி கொடுத்தாள், மூடியெல்லாம் பல் தடம்.

முதலாவதை நெடுக அடித்தேன். கட்டை விரலை எடுத்தேன், வரி ஈரமாக இருந்தது, மை கொஞ்சம் ஊறிற்று. எழுதினேன். ர-வா ற-வா என்று பார்க்கவில்லை. எழுந்து நின்று படித்தேன், வரிசை தவறாமல். ஜூன் பதிமூன்று பை. ஜூலை இரண்டு பெஞ்சு. ஜூலை இருபத்தொன்பது எறிபந்து. வகுப்பு டீச்சர் குனிந்துகொண்டார், அது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் வெற்று வரி, இப்போது வெற்று இல்லை. "ஆகஸ்ட் பதினைந்து. டாக்டரைக் கேட்காமல், டாக்டர் சொன்னதாகப் பிள்ளையிடம் பொய் சொல்லி, அது தூங்குவதற்குக் காரணமாயிருந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தியது. பிள்ளைக்கு இது தெரியாது." பக்கத்தில் வெண்மணி மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் முடிக்க மாட்டேன். அவள் விரல்கள் மேசைக்கு அடியில் என் புடவைத் தலைப்பைத் தேடி, பிடித்து, விட்டன. திரும்பவும் பிடித்தன, முறுக்கி, முன்னைவிட இறுக்கமாக. கோபமா, மற்றதா, இரண்டுமா. இருக்கட்டும், விடவில்லை. நிவாஷினியின் அப்பா பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடியைப் பாருங்க என்று அவரிடம் சொல்ல வேண்டும், அப்புறம் சொல்லலாம். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நிறுத்தினது யாருங்கம்மா? பேர் வேணும், நோட்டுல ஏறணும்."

தாளின் அடிக்குப் போனேன், அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்கு. அங்கே இப்போதுதான் என் கையால் எழுதியிருந்ததை, கேட்டில் கடைசி ஆளுக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் படித்தேன்.

"சௌரிபாளையம், மாரியம்மன் கோயில் வீதி. காளியண்ணன் மகள். நஞ்சம்மாள்."